ஸ்டம்புக்குப் பின்னால் நின்று வாய் பேசலாமா?

கிளவுஸ்காரன்:

எனக்கு வயது 38. திருச்சி பக்கம் ஞாயிற்றுக்கிழமை லீக் ஒன்றில் இருபது வருஷமாக விக்கெட் கீப்பிங் செய்கிறேன். லெதர் பால், மேட் விரித்த பிட்ச், 30 ஓவர். பேட்டிங்கில் எட்டாவதாக இறங்குவேன், அதுவும் கேப்டனுக்கு வீட்டில் சண்டை இல்லாத நாளில். அணியில் எனக்கு இடம் இருப்பதற்குப் பாதிக் காரணம் கை, மீதிப் பாதி வாய். இதுவும் கேப்டன் சொன்னதுதான்.

நான் பேட்ஸ்மேனிடம் நேராகப் பேசவே மாட்டேன். பக்கத்தில் ஸ்லிப்பில் நிற்பவனிடம்தான் பேசுவேன், நடுவில் இருப்பவன் காதில் விழுகிற அளவுக்கு. கெட்ட வார்த்தை கிடையாது. "பேட்டு புதுசுடா, ஸ்டிக்கர் கூடக் கிழிக்கல. அதான் சார் பந்து மேல படாமப் பாத்துக்கறாரு" என்கிற ரகம்தான். எதிரணிக்காரர்களே சில சமயம் சிரித்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் ஒரே கடையில் டீ குடிப்போம்.

போன மாதம் நடந்தது இது. எதிரணியில் மூன்றாவதாக ஒரு பையன் இறங்கினான். பதினேழு வயது இருக்கும். முன்காலை நீட்டித் தடுத்தால் பந்து அவன் மூக்குக்குக் கீழேயே செத்து விழுந்தது. அப்படி ஒரு சுத்தம். எட்டு ஓவராக அசையவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஸ்கொயர் லெக் பக்கம் நாலடி நடப்பான், இடது கை கிளவுஸின் வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டுவான், திரும்பி வருவான். ஒரே ஒரு தடவைதான் ஒட்டுவான். அதை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பவுண்டரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் நின்றது. ஹேண்டிலில் நாலடுக்கு டிபன் கேரியர். பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர். பையனுடைய அப்பா என்று எங்கள் பாயிண்ட் ஃபீல்டர் சொன்னான்.

நான் ஸ்லிப்பைப் பார்த்து, "டேய் மணி என்ன?" என்றேன். "ஒண்ணே கால்ணே." "அங்க பாரு, அவங்கப்பா கேரியரோட வெயில்ல நிக்கிறாரு. சாப்பாடு ஆறுது. பையன் ரன்னும் எடுக்க மாட்டேங்கறான், அவுட்டும் ஆக மாட்டேங்கறான். பெத்தவங்களுக்கு எவ்வளவு கஷ்டம் பாரு."

பையன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வெல்க்ரோவை இரண்டு தடவை பிரித்து ஒட்டினான். எனக்கு அது போதும். எங்கள் ஆஃப் ஸ்பின்னரிடம் விரலைக் காட்டினேன், கொஞ்சம் தூக்கிப் போடு என்று. அடுத்த பந்து பையன் இறங்கி வந்தான். பந்து பேட்டுக்கும் பேடுக்கும் நடுவில் புகுந்து என் கைக்கு வந்தது. பெயில் பறந்தபோது அவன் காலுக்கும் கிரீஸுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். "போய்ச் சாப்பிடு தம்பி, சூடா இருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அங்கிருந்து அவர்கள் சரிந்து, நாங்கள் ஜெயித்தோம்.

குழாயடியில் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் கேரியரோடு வந்தார். "நீங்கதானே கீப்பர் தம்பி? சாப்பாடு ஆறிடும்னு கவலப்பட்டீங்களாம், பையன் சொன்னான். வாங்க, சாப்பிடுங்க." எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, ஒரு அடுக்கில் அப்பளம். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. பையன் மரத்தடியில் பேடைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

அவர் என்னை உபசரித்தாரா, ஸ்லெட்ஜ் செய்தாரா, அதாவது வாயால் சீண்டினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. என் கேள்வி இதுதான்: நான் செய்தது ஆட்டமா, சின்னத்தனமா? "இதெல்லாம் சகஜம் பாஸ்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அதை ஒரு மாதமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

லாங் ஆன் 77:

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலா, பொடிமாஸா?

கிளவுஸ்காரன்:

வறுவல். மிளகு தூக்கலாக.

லாங் ஆன் 77:

அப்படியென்றால் உபசரிப்புதான். திட்ட வந்தவர் மிளகு வறுவல் கொண்டுவர மாட்டார்.

மாம்பலத்து மெயில்:

கீப்பர், வாய் என்ற இரண்டையும் ஒன்றாகக் கேட்டாலே எனக்கு 2021 ஜனவரி 11 தான் ஞாபகம் வரும். சிட்னி டெஸ்ட், ஐந்தாம் நாள். வீட்டில் எல்லோரும் தூங்க, விடியற்காலையில் டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயிக்க 407 வேண்டும். புஜாரா போனபோது ஐந்து விக்கெட் காலி. ஹனுமா விஹாரிக்குத் தொடையில் பிடிப்பு, ஓட முடியாது. எங்கள் ஏரியா அஸ்வினுக்கு முதுகு. குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட முடியாத நிலையில் ஆட வந்தார் என்று அவர் மனைவி பிறகு எழுதியிருந்தார். ஜடேஜா கட்டைவிரல் உடைந்து, காலில் பேடு கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

விஹாரியும் அஸ்வினும் 40 ஓவருக்கு மேல் நின்றார்கள். ஆஸ்திரேலிய கேப்டனும் கீப்பருமான டிம் பெய்னுக்குப் பொறுக்கவில்லை. "அடுத்து பிரிஸ்பேன் காபா மைதானத்துக்கு வா, அங்கே பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மாதிரி ஆரம்பித்தார். அஸ்வின் விடவில்லை. "நீ இந்தியாவுக்கு வா, அதுதான் உனக்குக் கடைசித் தொடராக இருக்கும்" என்று திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு பெய்ன் வாயிலிருந்து வந்தது அச்சில் ஏற்றுகிற வார்த்தை இல்லை. எல்லாம் ஸ்டம்ப் மைக்கில் பதிவானது.

கிளவுஸ்காரன் அண்ணே, இதற்கு அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு. ஸ்டார்க் பந்தில் விஹாரியின் பேட்டில் பட்டு வந்த கேட்சை பெய்ன் விட்டார். அன்று அவர் விட்ட மூன்றாவது கேட்ச் அது. காலையிலேயே ரிஷப் பண்ட்டுக்கு இரண்டு விட்டிருந்தார். ஆட்டம் டிரா.

அதே மைக்கில் இன்னொன்றும் கேட்டது. அஸ்வின் விஹாரியிடம் தமிழில், "ஆடு மாமா, பத்துப் பத்து பாலா போயிடலாம்" என்றார். அங்கே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேச்சு எதிராளியைப் பிடித்துத் தொங்கியது, இன்னொருவர் பேச்சு கூட நிற்பவனைத் தூக்கி நிறுத்தியது. எது வேலை செய்தது என்று ஸ்கோர்போர்டைப் பாருங்கள்.

மறுநாள் பெய்ன் பொதுவில் மன்னிப்புக் கேட்டார், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆனால் காபாவில் காத்திருப்பேன் என்று சொன்னாரே, அங்கே என்ன நடந்தது? முதுகுவலியில் அஸ்வின் ஆடவே இல்லை. அவர் இடத்தில் இன்னொரு சென்னைப் பையன், வாஷிங்டன் சுந்தர், முதல் டெஸ்ட். கூடவே சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன், அவருக்கும் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட். வாஷிங்டன் 62 ரன்னும் அடித்தார். 1988-க்குப் பிறகு அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா ஒரு டெஸ்ட்கூடத் தோற்றதில்லை. ஜனவரி 19 அன்று தோற்றது. பெய்ன் ஆடிய கடைசி டெஸ்ட் அதுதான். இந்தியாவுக்கு வரவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

கிளவுஸ்காரன்:

தம்பி, கேட்ச் விட்டதற்கும் வாய்க்கும் முடிச்சுப் போட முடியாது. வாயைத் தைத்துக்கொண்டு ஆடிய நாளிலும் நான் கேட்ச் விட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். பேசிய பிறகு கேட்ச் விட்டால் அது வேறு மாதிரி வலிக்கும். ஊரே பார்ப்பது போல இருக்கும்.

மண்கோட்டு ரெய்டர்:

எனக்கு 63 வயது. மன்னார்குடிப் பக்கம். கிரிக்கெட் எனக்கு அவ்வளவு தெரியாது, பேரன் புண்ணியத்தில் பார்க்கிறேன். வாய் பேசுவதைப் பற்றி மட்டும் தெரியும், ஏனென்றால் நான் ஆடிய சடுகுடுவில் வாய் பேசாமல் எதிரணிக் கோட்டையே தொட முடியாது.

இப்போது டிவியில் "கபடி கபடி" என்று மட்டும் சொல்கிறார்கள். நாங்கள் சின்ன வயதில் பாட்டாகவே பாடிக்கொண்டு போவோம். அதனால்தானே ரெய்டு போவதற்கே எங்கள் ஊரில் "பாடிப் போறது" என்று பெயர். அந்தப் பாட்டு முழுக்க முழுக்கச் சீண்டல். நான்தான் உன் அப்பன் என்பான், உன் மீசையை எடுக்க வந்திருக்கிறேன் என்பான், உன் ஊர்க் குளத்தில் தண்ணி குடிக்க வந்திருக்கிறேன் என்பான். ஆளைப் பார்த்து அப்போதே கட்டுகிற பாட்டும் உண்டு. பாட்டு தீர்ந்தால் "சடுகுடு சடுகுடு" என்று இழுத்துக்கொண்டே திரும்ப வேண்டும், மூச்சு விடக்கூடாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கோயில் திருவிழா, ராத்திரி ஆட்டம். மூங்கில் நட்டு ட்யூப் லைட் கட்டியிருந்தார்கள். மண்ணைச் சலித்து, தண்ணீர் தெளித்து, கோடு சுண்ணாம்பில். எதிரணி மூலையில் ஒருவன் நின்றான், என்னைவிட ஒரு சாண் உயரம், ஒல்லி. நான் பாடிக்கொண்டு போனேன்:

"மூலையில நிக்கிற முருங்கக்கா
முறிச்சுப் போட வந்திருக்கேன்
சடுகுடு சடுகுடு..."

கூட்டம் ஓவென்று சிரித்தது. மைக் பிடித்திருந்தவர் வேறு, "முருங்கக்கா ரெடியா?" என்று கேட்டுவிட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் என்ன ஆகும்? மூச்சு உடைந்தது. பாட்டு அறுந்த அந்த ஒரு நொடியில் முருங்கக்காய் என் கணுக்காலைப் பிடித்தான். நான் மண்ணில் முகம் குப்புற, மேலே ஆறு பேர். அவன் என் காதுக்குள் குனிந்து, "ஒடிஞ்சுதா மாமா?" என்று கேட்டான்.

மூன்று வருஷம் கழித்து அவனுக்குத்தான் என் தங்கச்சியைக் கொடுத்தோம். இன்றும் வீட்டில் முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்தால் மாப்பிள்ளை முதலில் என் இலையைத்தான் எட்டிப் பார்ப்பார்.

கதை இருக்கட்டும். தம்பி கேட்டதற்கு வருகிறேன். பாடிப் போகிறவன் எதிராளி மண்ணில் தனியாக நிற்கிறான். எதிரே ஏழு பேர். அவன் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவனுடைய மூச்சில் கழிகிறது. அதிகம் பேசினால் திரும்பி வர மூச்சு இருக்காது. பேச்சுக்கு விலை கொடுத்துவிட்டுத்தான் பேசுகிறான். நீங்கள் கீப்பர். உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, சுற்றிலும் உங்கள் ஆட்கள், உங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். அந்தப் பையன்தான் அங்கே தனி. ஒரு பந்து தப்பினால் அவன் ஆட்டம் முடிந்தது, உங்களுக்கு அடுத்த பந்து இருக்கிறது. எங்கள் ஆட்டத்தில் தனியாக நிற்பவன் பேசுவான். உங்கள் ஆட்டத்தில் கூட்டமாக நிற்பவர்கள் பேசுகிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இப்போதெல்லாம் கபடியில் வாய்க்கு வேலை இல்லை. ஒரு ரெய்டுக்கு 30 நொடி, "கபடி" தவிர வேறு சொல்லக் கூடாது. மீறி வாயை விட்டால் நடுவர் பச்சை அட்டை காட்டுவார், அப்புறம் மஞ்சள் என்றால் இரண்டு நிமிஷம் வெளியே. அதனால் பேச்சு வாயிலிருந்து தொடைக்கு இறங்கிவிட்டது. ஆளைத் தொட்டுவிட்டு வந்து தொடையைத் தட்டுகிறார்கள் பாருங்கள், அது எங்கள் பாட்டுதான். சத்தம் மட்டும் மிச்சம்.

வெள்ளைத்தொப்பி:

மாவட்ட அளவில் பன்னிரண்டு வருஷமாக நடுவராக நிற்கிறேன். பெரியவர் சொன்னதைப் படித்த பிறகு சட்டம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கிரிக்கெட் விதி 41-ல் தெளிவாக இருக்கிறது. பேட்ஸ்மேன் பந்தை எதிர்கொள்ளத் தயாராகும்போதோ ஆடும்போதோ ஃபீல்டர் வேண்டுமென்றே கவனத்தைக் கலைத்தால் அந்தப் பந்து செல்லாது, பேட்டிங் அணிக்கு 5 ரன். 2017-ல் வந்த புதிய விதித்தொகுப்பில் நடத்தைக்கென்றே 42-வது விதி சேர்ந்தது. ரொம்ப மோசமென்றால் ஆட்டக்காரரை மைதானத்தை விட்டே அனுப்பலாம். ஆனால் ஓவர் நடுவில், பவுலர் திரும்பி நடந்துகொண்டிருக்கும்போது, ஸ்லிப்பில் நிற்பவனிடம் "மணி என்ன" என்று ஒருவர் கேட்டால் அதற்கு எந்த விதியும் கிடையாது. கிளவுஸ்காரர் மாதிரி ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். பவுலர் ஓட ஆரம்பித்ததும் வாயை மூடிவிடுவார்கள். நான் எதையும் செய்ய முடியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பேன்.

நான் ஆட்டத்தை நிறுத்திய சந்தர்ப்பங்கள் மூன்று வகை. வீட்டுப் பெண்களை இழுத்தால் நிறுத்துவேன். நிறத்தைச் சொன்னால் நிறுத்துவேன். மூன்றாவது எழுத்தில் ரொம்பச் சாதுவாகத் தெரியும்: "தம்பி எந்த ஊரு? அந்த ஊர்ல எந்தத் தெரு?" கவர்ஸில் நின்ற ஒருவன் ஒரு பையனிடம் இதை மூன்று ஓவர் விடாமல் கேட்டான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை, குரலில் மரியாதை வேறு. ஆனால் பையன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை தெருப் பெயர் காதில் விழுந்தால் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்றேன். ஃபீல்டிங் கேப்டன் அப்பாவி போல, "ஊரு பேரு கேட்டா தப்பா சார்?" என்றார். தப்புதான் என்று அவருக்கும் தெரியும்.

நிறம் பற்றிச் சொன்னேனே, சர்வதேச அளவில் ஆடியவருக்கே விடிவு இல்லை. 2017 ஆகஸ்டில் அபினவ் முகுந்த் இந்திய அணியோடு இலங்கையில் இருந்தபோது ட்விட்டரில் எழுதினார், பதினைந்து வயதிலிருந்து ஊர் ஊராக ஆடப் போகிறேன், என் தோல் நிறத்தைப் பற்றிய பேச்சு நின்றதே இல்லை என்று. சென்னை வெயிலில் நாள் முழுக்க ஆடிக் கருத்ததைச் சொல்லிச் சிரிப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்கூட இல்லை.

உங்கள் டிபன் கேரியர் பேச்சு இந்த மூன்றிலும் வராது. ஆனால் அப்பாவை இழுத்தீர்கள். நான் நின்றிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன், ஓவர் முடிந்ததும் பக்கத்தில் வந்து "போதும்" என்று சொல்லியிருப்பேன்.

காசிமேடு கார்னர்:

வாய்ப்பேச்சு என்றால் முகமது அலி இல்லாமல் எப்படி? வடசென்னையில் பாக்ஸிங் பழகியவன் வீட்டுக்கு வீடு அவர் படம் மாட்டியிருப்பான். 1980-ல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சி ஆட்டம் ஆடியபோது என் அப்பா கூட்டத்தில் இருந்தவர். சண்டையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். மனிதர் எவ்வளவு பெரிய உருவம், ஆனால் எவ்வளவு லேசாக நகர்ந்தார் என்பதை மட்டும் நூறு தடவை சொல்வார்.

எதிராளி எந்த ரவுண்டில் விழுவான் என்று எதுகையோடு முன்கூட்டியே சொல்கிறவர் அலி. அதில் பாதி டிக்கெட் விற்கிற வேலை. எல்லோரும் ரசித்தார்கள், நானும் ரசிப்பவன்தான். ஆனால் ஜோ ஃப்ரேசியரிடம் மட்டும் அது வேறு மாதிரி போயிற்று. வியட்நாம் போருக்குப் போக மறுத்து அலிக்குத் தடை விழுந்து, சம்பாத்தியம் இல்லாமல் இருந்தபோது பணம் கொடுத்து உதவியவர் ஃப்ரேசியர். உரிமத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று குரல் கொடுத்தவர். அப்படிப்பட்டவரை அலி வெள்ளைக்காரனின் அடிமை என்கிற அர்த்தத்தில் பேசினார். 1975 அக்டோபர் 1 மணிலா சண்டைக்கு முன்னால் கொரில்லா என்றார், சின்ன ரப்பர் பொம்மை ஒன்றை எடுத்து நிருபர்கள் முன்னால் குத்திக் காட்டினார். ஒரு கறுப்பர் இன்னொரு கறுப்பரைச் சொன்னது.

பதினான்கு ரவுண்டு முடிந்து ஃப்ரேசியரின் கண் மூடிப்போனதும் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்தினார். குத்தில் வந்த வீக்கம் வாரக்கணக்கில் வடிந்திருக்கும். அந்தப் பேச்சு ஃப்ரேசியருக்குப் பல வருஷம் ஆறவில்லை, பேட்டிக்குப் பேட்டி கசப்பாகவே பேசினார். பணம் கொடுத்தவனைப் பேசியதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். யாரோ ஒருவன் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

லாங் ஆன் 77:

சோறு போட்டவனைப் பேசக்கூடாது என்கிறீர்கள். ஆனால் நம்ம கிளவுஸ்காரர் முதலில் பேசினார், அப்புறம்தான் சோறு. வரிசை மாறிவிட்டது, கேஸ் நிற்காது.

பூப்பந்து 5:

நான் பத்து வருஷம் பூப்பந்து ஆடினவள், கல்லூரி, மாவட்டம் வரை. எங்களைப் பேசியது எதிரணிப் பெண்கள் இல்லை. வேலிக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நிற்பவர்கள். ஷார்ட்ஸைப் பற்றி, குதிப்பதைப் பற்றி. எதிரணிப் பெண் ஒருத்தி வலைக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, உன் சர்வ் என்னைத் தேடி வருதே, பாசமா?" என்று கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அவள் என் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். அப்படி யாராவது பேச மாட்டார்களா என்று ஏங்கிய நாள்கூட உண்டு. அதனால் பேச்சே கூடாது என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

கிளவுஸ்காரர் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். வெல்க்ரோ எத்தனை தடவை ஒட்டினான் என்பது வரை இருக்கிறது. அப்பா என்ன சொன்னார், முகம் எப்படி இருந்தது, வறுவலில் மிளகு எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. அந்தப் பையன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே. அப்பா உங்களை என்ன நினைத்தார் என்று ஒரு மாதமாக யோசித்திருக்கிறீர்கள். நீங்கள் பேசியது பையனிடம். அப்பாவிடம் இல்லை. அவனிடம் போய் "நல்லா தடுத்த தம்பி" என்றாவது சொன்னீர்களா?

கிளவுஸ்காரன்:

இல்லை.

அன்றைக்கு அது தோன்றவே இல்லை. அவன் தடுப்பாட்டத்தைப் பார்த்து எனக்கு வந்தது ஆச்சரியமா எரிச்சலா என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பதினேழு வயதில் எனக்கு அப்படி முன்கால் போனதில்லை, இப்போதும் போகாது.

வெள்ளைத்தொப்பி:

ரிட்டர்ன் மேட்ச் இருக்குமே?

கிளவுஸ்காரன்:

இருக்கிறது. இரண்டு வாரத்தில்.

மாம்பலத்து மெயில்:

முடிவை இங்கே வந்து எழுதாவிட்டால் விடமாட்டோம்.

கிளவுஸ்காரன்:

நேற்று ரிட்டர்ன் மேட்ச் முடிந்தது. எழுதுகிறேன் என்று சொன்னதால் எழுதுகிறேன், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல்.

பேசக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். டாஸுக்கு முன்னால் பையனைத் தேடிப் போய், "அன்னைக்கு நல்லா ஆடின தம்பி" என்றேன். அவன் "தேங்க்ஸ்ணே" என்று சொல்லிவிட்டு ஷூவுக்கு ஸ்பைக் மாட்டுவதில் மும்முரமாக இருந்தான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், அது வெளியே வரவில்லை.

மூன்றாவதாகவே இறங்கினான். நிற்கும் இடத்தைக் குறிக்கக் கார்டு எடுத்தான். மிடில் அண்ட் லெக். மேட்டில் கோடு போட முடியாது என்பதால் சாக்பீஸில் ஒரு புள்ளி வைத்தான். எங்கள் ஸ்லிப் என்னையே பார்க்கிறான், அண்ணன் ஆரம்பிக்கப் போகிறார் என்று. நான் கிளவுஸை இரண்டு தட்டு தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது பையன் திரும்பினான். முகத்தில் ஒன்றும் இல்லை. அவன் அப்பாவுக்கு இருந்த அதே முகம்.

"அண்ணே, சாப்டீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. இருபது வருஷமாக வாயால் இடம் பிடித்தவன், ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்லிப்பில் நின்றவன் சிரித்த சிரிப்பு பவுலர் வரைக்கும் கேட்டது. முதல் பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே, குழந்தை பிடிக்கிற பந்து. என் கை போவதற்கு முன்னால் அது போய்விட்டது. பை, அதாவது பேட்டில் படாமலே போன ரன், நாலு. பையன் ஸ்கொயர் லெக் பக்கம் நடந்தான், வெல்க்ரோவை ஒரே ஒரு தடவை ஒட்டினான், திரும்பி வந்தான்.

அவன் 43 அடித்தான். நான் விட்ட பை மொத்தம் 11. நாங்கள் தோற்றோம். எங்கள் கேப்டன் வண்டியில் ஏறும்வரை என்னோடு பேசவில்லை.

மண்கோட்டு ரெய்டர்:

அவன் தனியாக நின்று பேசியிருக்கிறான். பாட்டு தெரிந்த பையன்.

லாங் ஆன் 77:

அதெல்லாம் சரி, எக்ஸெல் வந்ததா?

கிளவுஸ்காரன்:

வந்தது. புளியோதரை.